விமானத்தில் ஒரு மஞ்சள் கோடு

அத்தியாயம் 6

"எடுத்தது யாருன்னு எனக்குத் தெரியும். எங்க ஒளிச்சி வெச்சிருக்கான்னு மட்டும் நீங்க கண்டுபிடிச்சா போதும்" என்றார் முதலாளி இராமச்சந்திரன்.

"அப்போ எங்களுக்குப் பாதி வேலதான் சார். மத்தியானத்துக்கு வூட்டுக்குப் பூடலாம்" என்றேன்.

மேசைக்கு அடியில் சுகப்பிரியா மேடம் என் காலை மிதித்தார். இந்த உத்தியோகத்தில் எனக்குத் தவறாமல் கிடைப்பது அது ஒன்றுதான்.

நான் சுப்பன். இருபத்திரண்டு வருஷம் ஒரகடம் ரோட்டில் கம்பெனி பஸ் ஓட்டியவன். எந்த கேட்டில் எந்த ஷிஃப்ட் எத்தனை மணிக்கு விடும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். மேடம் விளாத்திகுளத்துப் பெண், வயது முப்பத்தொன்று. கார் கம்பெனியில் ஒன்பது வருஷம் குவாலிட்டி செக்கிங்கில் நின்றவர். கதவில் கீறல், கண்ணாடியில் கீறல் என்று பார்த்துப் பார்த்து, ஒருநாள் மேனேஜர் சொன்ன பொய்யையும் பார்த்துவிட்டார். அதோடு வேலை போயிற்று. இப்போது குன்றத்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறார். வண்டி ஓட்டுவதும் வாயாடுவதும் என் பொறுப்பு.

இராமச்சந்திரனின் கம்பெனி கார்களுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் கம்பெனி. அதன் பின்பக்கம் அவர் ஒரு பெரிய ஹால் கட்டியிருந்தார். எங்களை அங்கே கூட்டிப்போய்க் கதவைத் திறந்தார். அடேயப்பா! நடுவில் இரட்டை இறக்கை வைத்த போர் விமானம் ஒன்று நின்றது. இரண்டாம் உலகப்போர் தொடங்குவதற்கு முந்தைய வருஷத்துச் சரக்காம். முன்னால் மர விசிறி. இறக்கையெல்லாம் துணி. விமானி உட்காரும் குழிக்கு மூடியே கிடையாது.

"துணியில பிளேன் தெச்சி சண்டைக்குப் போயிருக்காங்களே. மழ வந்தா இன்னா சார் பண்ணுவாங்க?"

"அது லினன் துணிப்பா. மேல ஒரு மருந்து பூசினா விறைச்சி நிக்கும்." விமானத்தைப் பற்றிக் கேட்டதும் முதலாளியின் முகம் மலர்ந்துவிட்டது. "முப்பத்தெட்டுல சண்டை வரப்போவுதுன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா நம்ம இந்தியாப் பக்கம் இருந்த பைலட்டுங்களுக்கு இந்த மாதிரி ரெட்டை றெக்கை வண்டிதான் குடுத்தாங்க. தொடையில மேப்பைக் கட்டிக்கினு, கடிகாரத்தைப் பாத்துப் பாத்து, இத்தனை நிமிஷம் பறந்தாச்சு, இப்ப இன்ன ஆத்து மேல இருக்கோம்னு மனசுலயே கணக்குப் போடுவான். கடிகாரம் நின்னா அவன் கதை முடிஞ்சுது. அந்தக் கடிகாரம்தான் போச்சு!"

ஏணி வைத்து ஏறி விமானியின் குழிக்குள் எட்டிப் பார்த்தோம். வரிசையாக ஐந்தாறு மீட்டர்கள். நடுவில் கடிகாரம் இருக்க வேண்டிய இடத்தில், அளவு பார்ப்பதற்காக ஆரம்பத்தில் செய்த பிளாஸ்டிக் டம்மி உட்கார்ந்திருந்தது. அதில் சாவி கொடுக்கும் திருகு உடைந்து தொங்கியது.

"வாரா வாரம் வியாழக்கிழமை நானே சாவி குடுப்பேன். குளிச்சிட்டு வந்துதான் குடுப்பேன். நேத்து குடுக்கப் போனா திருகு கையோட வந்துடுச்சு. புதன்கிழமை சாயங்காலம் வரைக்கும் நல்லா ஓடிக்கிட்டிருந்த கடிகாரம்."

"இந்த ஹாலை யாரெல்லாம் திறக்க முடியும்?" என்று மேடம் கேட்டார்.

"கைரேகை வெச்சாத்தான் திறக்கும். என் ரேகை, புருஷோத்தமன் ரேகை, அந்தப் பொண்ணு ரேகை. மூணு பேருதான்."

பெயரைச் சொன்னதும் புருஷோத்தமன் ஏதோ பரிசு வாங்கப்போகிறவர்போல முன்னால் வந்தார். பழைய விமானங்களில் நிபுணராம், சென்னையிலிருந்து வருகிறாராம். ஒரகடத்து வெயிலில் கழுத்தைச் சுற்றி மஃப்ளர் கட்டியிருந்தார்! அந்தக் கடிகாரத்தைத் தேடி வாங்கிக் கொடுத்தவரே அவர்தான்.

"அது வெறும் கடிகாரம் இல்ல மேடம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு. எல்லை மலைங்களுக்கு மேல எஞ்சின் நின்னுபோச்சு. அந்த இளம் விமானி கொஞ்சமும் பதறல. இந்தக் கடிகாரத்தையே பாத்துக்கிட்டு பதினொரு நிமிஷம் காத்துலயே சறுக்கி வந்து எறங்கினான்."

"எங்க பஸ்ல டீசல் தீந்தா பதினொரு அடி போவாது சார்" என்றேன்.

மறுபடி கால். இந்த முறை குதிகால்.

"அந்தப் பொண்ணு யாரு?" என்றார் மேடம்.

செல்வலட்சுமியைக் கூட்டிவந்தார்கள். இருபத்து மூன்று வயது, கழுகுமலைப் பக்கம். பாகங்களை முறுக்கி மாட்டும் பி லைனில் காண்ட்ராக்ட் வேலை. கை சுத்தம் என்று முதலாளியே பொறுக்கி எடுத்து, இரண்டு மாதமாக ஓ.டி. கொடுத்து, மீட்டர்களையெல்லாம் மாட்டவைத்திருக்கிறார். நேற்றுக் காலை அதே முதலாளி ஏ ஷிஃப்ட் மீட்டிங்கில், நூற்றிருபது பேர் முன்னால், மைக்கைப் பிடித்து அவளைத் திருடி என்று சொல்லிவிட்டார். சேரப்பணஞ்சேரியில் அவளோடு ரூமில் இருக்கும் பெண்கள் அதிலிருந்து அவளோடு பேசுவதில்லை. கூடவே படித்து, கூடவே பஸ் ஏறி வந்த தங்கமாரிகூடத் தன் பெட்டிக்குப் புதுப் பூட்டு போட்டுவிட்டாளாம்.

"அக்கா, நான் எடுக்கலக்கா" என்றாள். அழுது முடித்த குரல்.

"மூணு மணி வரைக்கும் டைம். அப்புறம் போலீஸ்தான்" என்றார் முதலாளி. "ஞாயித்துக்கிழமை திறப்பு விழா. பெங்களூர்லேர்ந்து பழைய பிளேனைப் பரிசோதனை பண்றவர் வர்றார். அவர் முன்னால பிளாஸ்டிக்கைக் காட்டச் சொல்றியா?"

"எதை வெச்சு இவதான்னு சொல்லுதீங்க?" என்று மேடம் கேட்டார்.

புருஷோத்தமன் முந்திக்கொண்டார். "அந்த மஞ்சள் கோட்டைப் பாருங்க. டம்மியைப் பிடிச்சிருக்கிற மூணு ஸ்க்ரூவுலயும் மஞ்சள் கோடு. அது இந்தப் பொண்ணோட மார்க்கர். கையெழுத்தே போட்டுட்டுப் போயிருக்கா!"

உண்மைதான். விமானியின் குழிக்குள் எங்கே பார்த்தாலும் ஸ்க்ரூ தலைகளில் மஞ்சள் கோடு. இந்த ரோட்டில் லைனில் நின்ற எவருக்கும் அது தெரியும். போல்ட்டை முறுக்கினால், உடனே மார்க்கரை எடுத்து, போல்ட் தலையிலிருந்து பக்கத்துத் தகடு வரை ஒரு கோடு இழுக்க வேண்டும். ஒவ்வொரு லைனுக்கு ஒரு நிறம். ஒரு நாளைக்கு எண்ணூறு கோடு. அந்தப் பழக்கத்தில் செல்வலட்சுமி முப்பத்தெட்டாம் வருஷத்து விமானத்துக்கும் கோடு போட்டு வைத்திருந்தாள்.

"போர் விமானத்துக்கு மஞ்சப்பொட்டு வெச்சிருக்கா. ஞாயித்துக்கிழமைக்குள்ள எல்லாத்தையும் அழிக்கச் சொல்லியிருந்தேன்" என்று முதலாளி பல்லைக் கடித்தார்.

மேடம் பையிலிருந்து டார்ச்சை எடுத்தார். டம்மியின் மூன்று ஸ்க்ரூவையும் பார்த்தார். பிறகு பக்கத்து மீட்டர்களின் ஸ்க்ரூக்களைப் பார்த்தார். மறுபடி டம்மிக்கு வந்தார். அவர் உதடு லேசாகக் கோணியது. கார் கதவில் கீறல் கண்டுபிடித்த நாட்களில் இப்படித்தான் கோணியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"சுப்பண்ணே, இங்க பாருங்க. என்ன தெரியுது?"

"மஞ்சளா கீது."

"சரியாப் பாருங்க."

பார்த்தேன். மற்ற ஸ்க்ரூக்களில் கோடு தலையில் ஆரம்பித்துத் தகடு வரை நேராக ஓடியது. இந்த மூன்றில் மட்டும் தலையில் இருந்த கோடு ஒரு பக்கம் பார்த்தது, தகட்டில் இருந்த கோடு இன்னொரு பக்கம் பார்த்தது. சண்டை போட்டுக்கொண்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி இருந்தது.

"கோடு சேரல மேடம்."

"சேரலல்லா! கோடு போடுறதே அதுக்குத்தான். எவனாவது தொட்டுத் திருப்பினா கோடு ஒடஞ்சிரும், பாத்ததும் தெரிஞ்சிரும். செல்வலட்சுமி கடிகாரத்தை மாட்டினப்ப கோடு போட்டா. அப்புறம் யாரோ அதே ஸ்க்ரூவைக் கழட்டி, டம்மியை வெச்சு மறுபடி முறுக்கியிருக்காங்க."

"அந்த யாரோ இவதான்!" என்றார் புருஷோத்தமன். "திருடற அவசரத்துல கோட்டை நேர் பண்ணிக்கிட்டா இருப்பா?"

"அப்படியும் இருக்கலாம்" என்று மேடம் சாதுவாகச் சொன்னார். இவர் சாதுவாகப் பேசினால் யாருக்கோ சனி பிடித்துவிட்டது என்று அர்த்தம். "சார், ஒரு போட்டோ எடுக்கணும். இந்த மூணு ஸ்க்ரூவையும் கழட்டி மாட்டணும். ஹாலைத் திறக்கிற உரிமை உங்க மூணு பேருக்குத்தான். அதனால ஆளுக்கு ஒண்ணு மாட்டிருங்க."

முதலில் புருஷோத்தமன் ஏறினார். மஃப்ளரைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு, ஸ்க்ரூவைக் கழற்றி, மறுபடி மாட்டி முறுக்கினார். கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு, "போதுமா?" என்று இறங்கினார்.

அடுத்து முதலாளி. உள்ளபடி சொன்னால் எனக்கு அவர் மேல்தான் சந்தேகம். ஆசைப்பட்ட பொருளைத் தானே ஒளித்து வைத்துக்கொள்ளும் பெரிய மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர் முறுக்கினார். முறுக்கி முடித்த கை, இறங்குவதற்குப் பதிலாக, சட்டைப் பைக்குப் போனது. பையில் தங்க மூடி போட்ட பேனா ஒன்றுதான் இருந்தது. அதை எடுத்து, ஸ்க்ரூ தலையிலிருந்து தகடு வரை ஒரு நீலக் கோடு இழுத்தார். இழுத்த பிறகுதான் தான் செய்ததைப் பார்த்தார்.

"இன்னா சார், போர் விமானத்துக்கு நீலப் பொட்டா?" என்றேன்.

"அட, கை தானா போவுதுப்பா" என்று கூச்சத்தோடு சிரித்தார். "படப்பையில பதினாலு வருஷம் லைன்ல நின்னு ஸ்க்ரூ முறுக்கினவன் நான். முதலாளி ஆனது அப்புறம்."

கடைசியாகச் செல்வலட்சுமி. ஏணியில் ஏறும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது. எதிரே இருப்பது தெரிந்ததோ இல்லையோ, கை தன் வேலையைப் பார்த்தது. ஸ்க்ரூவைக் கழற்றியதும் பழைய கோட்டை நகத்தால் சுரண்டி எடுத்தாள், தலையிலும் தகட்டிலும். மாட்டி முறுக்கினாள். சட்டைக் கையில் செருகியிருந்த மார்க்கரை உருவி ஒரே இழுப்பு. விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா சார்?" என்றார் மேடம். "ஒடஞ்ச கோட்டோட ஒரு பீஸ் போனா லைனையே நிறுத்திருவாங்க. லைன்ல நின்ன கைக்கு அதை அப்படியே விட்டுட்டுப் போக வராது. திருடப் போனாலும் வராது. இவளுக்கும் வராது, உங்களுக்கும் வராது."

எல்லாரும் மூன்றாவது ஆளைப் பார்த்தோம்.

"நல்லா இருக்கே! ஸ்க்ரூல கோடு போடத் தெரியாதது ஒரு குத்தமா?" புருஷோத்தமன் சிரித்தார். "சரி, நான்தான் எடுத்தேன்னு வெச்சுக்குங்க. கடிகாரம் எங்க? கேட்ல டிபன் பாக்ஸைக்கூடத் திறந்து பாக்கறாங்க. முதலாளி காரையே விடறதில்ல. நான் என்ன முழுங்கிட்டேனா?"

நியாயமான கேள்வி. மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி பன்னிரண்டு இருபத்தொன்பது.

"ஒரு நிமிஷம் எல்லாரும் வாயை மூடிக்கிட்டு நில்லுங்க. சுப்பண்ணே, உங்களைத்தான் முக்கியமாச் சொல்லுதேன்."

சாப்பாட்டுச் சங்கு ஊதியது. பக்கத்து ஷெட்டில் காலையிலிருந்து தகடு அடித்துக்கொண்டிருந்த பிரஸ் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. மேடம் கை காட்ட, முதலாளி ஹால் ஃபேனையும் நிறுத்தினார். இப்படி ஓர் அமைதியை ஒரகடத்தில் நான் கேட்டதே இல்லை.

டிக்... டிக்... டிக்...

விமானத்துக்குப் பக்கத்தில் ஒரு விமானி பொம்மை நின்றது. துணிக்கடை பொம்மைதான். ஆனால் தோல் தொப்பி, பெரிய கண்ணாடி, கழுத்துவரை பட்டன் போட்ட தோல் கோட்டு, உரோமம் வைத்த பூட்ஸ் என்று யுத்தத்துக்குப் புறப்பட்டுவிட்டது. நான் அதன் நெஞ்சில் காதை வைத்தேன்.

"மேடம், இந்தாளுக்கு உசுரு கீது!"

"தொடாதே! எண்பது வருஷத்துத் தோல் அது! கிழிஞ்சிடும்!" புருஷோத்தமன் ஓடிவந்தார். அவர் வருவதற்குள் நான் மூன்று பட்டனைக் கழற்றிவிட்டேன். உள்பைக்குள் கைவிட்டேன். கறுப்பு முகம், வெள்ளை எண்கள், கீழே ஒரு திருகு. காணாமல்போன கடிகாரம் என் உள்ளங்கையில் டிக் டிக் என்றது.

முதலாளி பாய்ந்து வந்து அதை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். மேடம் மட்டும் அசையவில்லை.

"சார், அதைத் திருப்பிப் பாருங்க."

திருப்பினார். பின்பக்கம் ஒரு சின்ன மூடி. மூடியைத் தள்ளினால் உள்ளே சமர்த்தாகப் படுத்திருந்தது ஒரு பென்சில் செல். எங்கள் தெருப் பெட்டிக்கடையில் கிடைக்கும் அதே செல்.

பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

"முப்பத்தெட்டுலயே பேட்டரி போட்டுக்கினு பறந்திருக்கான் சார். கெட்டிக்காரன்."

"நான் சாவி குடுத்தேனே..." முதலாளி திருகைத் திருப்பினார். கிர்ர் கிர்ர் என்று பக்தியாகச் சத்தம் வந்தது. அந்தத் திருகு எதோடும் சேரவில்லை. "ரெண்டு மாசம். வாரா வாரம். குளிச்சிட்டு வந்து..."

"விரதமே இருந்துட்டீங்க சார்" என்றேன். மேடம் காலை மிதிக்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை வர்ற பெங்களூர்க்காரர் முதல் வேலையா இதைக் கழட்டிப் பின்னால பாப்பார்" என்றார் மேடம். "அதுக்கு முன்னால இது காணாமப் போயாகணும். கேட்டைத் தாண்ட முடியாது, அதனால பொம்மைக்குள்ள. விழாக் கூட்டத்துல கேட்ல இவ்வளவு சோதிக்க மாட்டாங்க, முடிஞ்சதும் பொம்மையோட கோட்டைச் சலவைக்குன்னு எடுத்துட்டுப் போயிருப்பாரு. செல்லைக் கழட்டத்தான் நேரம் இல்ல போலிருக்கு. ஆனா ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல." மேடம் புருஷோத்தமன் பக்கம் திரும்பினார். "பழியை ஏன் இந்தப் பிள்ளை மேல போட்டீங்க?"

புருஷோத்தமனின் நெற்றியெல்லாம் வேர்வை. பதில் செல்வலட்சுமியிடமிருந்து வந்தது.

"மாட்டும்போது பின்பக்கத்தை நான் பாத்தேன்க்கா. 'சார், இதுல செல்லு போடுத இடம் இருக்கே'ன்னு இவுககிட்டக் கேட்டேன். முள்ளு மின்னுறதுக்குன்னு சொன்னாக."

"ஏ பிள்ள, அதை முதலாளிகிட்டச் சொல்லிருக்கலாம்ல?" என்றார் மேடம்.

"பெரியவுக, தெரியாமயா வெச்சிருப்பாகன்னு இருந்துட்டேன்."

ஆக, பின்பக்கத்தைப் பார்த்த ஒரே கண் அவளுடையது. அவள் ஞாயிற்றுக்கிழமை அங்கே நிற்கக்கூடாது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மஃப்ளரை இன்னும் ஒரு சுற்று இறுக்கிவிடலாமா என்று இருந்தது.

"ஒரிஜினல் கெடைக்கல சார்" என்று புருஷோத்தமன் முனகினார். "நீங்க ரொம்ப ஆசைப்பட்டீங்க. ஏமாத்தம் வேணாமேன்னு..."

"செக்யூரிட்டி!" என்று முதலாளி கத்திய கத்தலில் பொம்மையின் கண்ணாடி கீழே விழுந்தது. மூன்று மணி வரைக்கும் இல்லை, ஒன்றரைக்கே போலீஸ் ஜீப் வந்துவிட்டது. ஏறிப்போனது வேறு ஆள், அவ்வளவுதான்.

முதலாளி தொண்டையைச் செருமினார். "செல்வலட்சுமி, மனசுல வெச்சுக்காதம்மா. உன்னைப் பர்மனென்ட் பண்ணச் சொல்லிடறேன். நோட்டீஸ் போர்டுலயும் போட்டுடறேன், நீ எடுக்கலன்னு."

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். காலையிலிருந்து குனிந்தே இருந்த தலை அப்போதுதான் நிமிர்ந்தது.

"நோட்டீஸ் போர்டுலயா சார் என்னத் திருடின்னு சொன்னீங்க? மைக்குலல்லா சொன்னீங்க."

முதலாளி சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தடவினார்.

"எனக்குப் பர்மனென்ட் எல்லாம் அப்புறம் சார். எங்க ஊர்ப் பிள்ளைகளே பதினாலு பேரு நேத்து அங்க நின்னாங்க. அவங்க காதுல விழுந்ததை நீங்கதான் எடுக்கணும்."

அவர் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டு மணி ஆயிற்று. இரண்டே முக்கால் ஆயிற்று. கதவு திறக்கவில்லை. மேடம் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். முதலாளி வரமாட்டார் என்றே முடிவு கட்டிவிட்டேன். நூற்றிருபது பேர் முன்னால் தன்னை மடையன் என்று சொல்லிக்கொள்ள எந்த முதலாளி வருவார்?

மூன்று மணிச் சங்கு ஊதியது. ஏ ஷிஃப்ட் திபுதிபுவென்று வெளியே வந்து பஸ்களில் ஏறியது. மூன்று பஸ். முதல் பஸ் கிளம்பும்போது அறைக்கதவு திறந்தது. கண்ணெல்லாம் சிவந்து இராமச்சந்திரன் வெளியே வந்தார்.

"ஏ ஷிஃப்ட் போயிடுச்சா?"

அதற்குள் நான் ஓடிக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு ஷிஃப்ட் பஸ்ஸை ஒரு நிமிஷம் தாமதமாக எடுத்தவனில்லை நான். அப்படிப்பட்டவன் கேட்டுக்கு நடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். டிரைவர் தலையை வெளியே நீட்டி, "இன்னா சுப்பண்ணே, சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" என்றான்.

"எறக்குடா எல்லாரையும். முதலாளி பேசப் போறாரு."

முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். முதலாளி மைக்கைப் பிடித்தார்.

"செல்வலட்சுமி திருடல. நேத்து இதே எடத்துல நின்னு நான் சொன்னது பொய். விசாரிக்காம சொன்னேன். அந்தப் பொண்ணு போட்ட கோடுதான் இன்னிக்கு உண்மையைக் காட்டிக் குடுத்துச்சு." நிறுத்தினார். பிறகு, யாரும் கேட்காமலே, செல் போட்ட கடிகாரத்துக்குத் தான் இரண்டு மாதம் குளித்துவிட்டுச் சாவி கொடுத்ததையும் சொன்னார். கூட்டம் முதலில் திகைத்தது, அப்புறம் வெடித்துச் சிரித்தது. அவரும் சிரித்தார். "சிரிங்க. எனக்கு வேணும். அம்மா செல்வலட்சுமி, என்னை மன்னிச்சிடும்மா."

எல்லாரும் சிரித்து முடித்துக் கைதட்டியபோது செல்வலட்சுமி மட்டும் ஓவென்று அழுதாள். மேடம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்து செல்வலட்சுமி முன்னால் நின்றாள். முகத்தைப் பார்க்க முடியாமல் கையிலிருந்த பைவாரைத் திருகிக்கொண்டிருந்தாள். தங்கமாரி.

"என்னத் திட்டிருடி" என்றாள்.

செல்வலட்சுமி துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"திட்டுதேன். பஸ்ல ஏறு. ரூமு வரைக்கும் திட்டுதேன்."